மிச்ச மரத்தில் சின்னப் பெட்டி: மாரியூர் உப்புக் காற்றில் ஆணி ஏன் தோற்றுப்போகிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி பக்கம் போகிறவர்களுக்கு சாயல்குடி தெரிந்திருக்கும். அங்கிருந்து கடல் பக்கம் திரும்பினால் மாரியூர். பூவேந்தியநாதர் கோயிலால் பக்தர்களுக்குத் தெரிந்த ஊர். மற்றவர்களுக்கு உப்பால் தெரிந்த ஊர். 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் மாரியூர் - வாலிநோக்கம் பகுதியில்தான் இருக்கிறது. 2022-ல் 'நெய்தல்' என்ற பெயரில் அரசு உப்பு பாக்கெட் வந்ததே, அதை விற்பதும் இந்தக் கழகம்தான்.

உப்பை விளைவிக்கிற அதே வெயிலும் காற்றும்தான் அந்தப் பக்கத்து வீடுகளின் ஜன்னல் கம்பியையும் கதவுக் கீலையும் மெல்ல மெல்லத் தின்கின்றன. இப்படி ஓர் இடத்தில் வீட்டில் மிச்சமாகக் கிடக்கிற பலகையை வைத்து ஒரு சின்னப் பெட்டி செய்ய நினைத்தால் என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்? கேள்வி மாரியூருக்கு மட்டுமானதில்லை. பெசன்ட் நகர், நாகப்பட்டினம், கன்னியாகுமரி என்று கடல் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

பொதுவாக யூடியூப் பார்த்துப் பெட்டி செய்கிறவர்கள் மரத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார்கள். தேக்கா, வேம்பா, பிளைவுட்டா? 'ஆணிதானே, என்ன ஆகிடப் போகுது' என்று கடையில் கால் கிலோ கம்பி ஆணி வாங்கி அடித்துவிடுவார்கள். கடலோரத்தில் பெட்டியின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த ஆணிதான்.

ஆணிக்கு என்ன ஆகிறது?

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியைத் திறந்தால் அடியில் தண்ணீர் கசிந்திருக்கும். சமையலறையில் எல்லோரும் பார்த்ததுதான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். ஆனால் கடல் உப்பு என்பது சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. அதோடு மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்து வருகிறது. இதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். அதாவது கடற்காற்றில் வந்து ஆணித் தலையில் படிகிற உப்புத் துகள், நம் கண்ணுக்கு உலர்ந்து தெரிகிற வேளையிலும் ஈரமாகவே இருக்கும். இரும்பு, ஈரம், குளோரைடு மூன்றும் ஒரே இடத்தில். துருப்பிடிக்க வேறு எதுவும் வேண்டாம்.

துரு வெறும் அழகுப் பிரச்சினையாக இருந்தால் பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். ஆனால் இரும்பு துருவாக மாறும்போது அது பிடிக்கிற இடம் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். சில வகைத் துரு ஆறு மடங்கு வரை போகும். கடலோர வீடுகளில் கான்கிரீட் பெயர்ந்து உள்ளே கம்பி தெரிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். அரை இன்ச் பலகைக்குள் இருக்கிற ஆணி வீங்கினால் மரம் எங்கே போகும்? இழையோட்டத்தை ஒட்டி விரிசல் விடும். இன்னொரு பக்கம், உள்ளே ஆணி மெலிந்துகொண்டே வந்து பிடிமானம் போய்விடும்.

மரத்தில் கறையும் ஏறும். பல மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இந்த வேதியியலை வைத்துத்தான். கலம்காரித் துணியில் வரும் கறுப்புக்கும் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த நீர்தான் அடிப்படை. துணியில் அழகு. பத்திரம் வைக்கிற பெட்டிக்குள் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் வந்தால் அதை யாரும் கலை என்று சொல்லமாட்டார்கள்.

அப்புறம் எதைத்தான் அடிப்பது?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 304 வகை. கடலோரத்தில் அதன்மேல் தேநீர் சிந்தியது போலப் பழுப்புக் கறை வரும். 316 வகையில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்த்திருப்பதால் உப்பைத் தாங்கும். விலை கூடுதல்தான். ஆனால் சின்னப் பெட்டிக்கு நாலைந்து ஸ்க்ரூதானே தேவை.

பித்தளை ஸ்க்ரூ நல்ல மாற்று. நாளானால் பச்சை பூக்கும், ஆனால் இரும்புபோல வீங்கி மரத்தைப் பிளக்காது. ஒரே தொல்லை, பித்தளை மென்மையானது. கெட்டி மரத்தில் முறுக்கும்போது தலை தனியாகக் கழன்று கையோடு வந்துவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை உள்ளே ஏற்றி இறக்க வேண்டும். மரை விழுந்த பிறகு பித்தளை ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்பைத் தடவி ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னும் நல்ல வழி, உலோகமே இல்லாமல் சேர்ப்பது. நம் ஊர்த் தச்சர்கள் கதவுச் சட்டங்களில் மூங்கில் ஆணி அடித்தவர்கள். கடலிலும் அப்படித்தான். சோழமண்டலக் கரையில் அலையைத் தாண்டிப் போய்வந்த மசூலாப் படகுகளில் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அலை மோதும்போது படகு நெளிந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் அதற்கு முக்கியக் காரணம். இரும்பு இல்லாததால் துருவும் இல்லை என்பது கூடுதல் லாபம். 2025 மே மாதம் கார்வாரில் கடற்படை சேர்த்துக்கொண்ட ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா நினைவிருக்கிறதா? அஜந்தா ஓவியத்தில் இருக்கிற 5-ம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, பலகைகளைக் கயிற்றால் தைத்தே அதைக் கட்டினார்கள். கப்பலுக்கே ஆணி தேவைப்படவில்லை என்றால் நம் பெட்டிக்கு எதற்கு?

மிச்ச மரம் எங்கே கிடைக்கும், எதைத் தொடக்கூடாது?

ராமநாதபுரம் மாவட்டம் காட்டு மரத்துக்குப் பேர்போன இடம் இல்லை. பனையும் சீமைக் கருவேலமும்தான் கண்ணில் படும். ஆனால் மிச்சம் என்று பார்த்தால் நிறையவே உண்டு. பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது வரும் பனங்கை, உடைந்த கதவு, படகு வேலையில் விழும் பலகைத் துண்டு, கடைக்குச் சரக்கு வந்த பெட்டி, மாடுலர் கிச்சன் வேலை முடிந்து மீந்த பிளைவுட். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. அதைக் கேட்காமல் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

முதலில் பெயின்ட் அடித்த பழைய கதவு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கிற தூளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற பொருள் அது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

படகுப் பலகை பார்க்க அழகாக இருக்கும், இன்ஸ்டாகிராமில் லைக்கும் விழும். ஆனால் படகின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பெயின்ட் நஞ்சு கலந்தது. தாமிரச் சேர்மங்கள் சாதாரணம். பழைய பூச்சுகளில் டிரைபியூட்டைல் டின் என்ற பொருளும் இருந்திருக்கலாம். கடல் உயிரினங்களுக்கு அது செய்த கேட்டைப் பார்த்து, உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு 2008-ல் தடை செய்தன. ஆகவே படகின் மேல்பகுதிப் பலகை, பூச்சு இல்லாத உள்பக்கத் துண்டு என்றால் சரி. அடிப்பலகை வேண்டாம். சமையல் சாமான் போடுகிற பெட்டிக்கு எந்தப் படகுப் பலகையும் வேண்டாம்.

சரக்கு ஏற்றுகிற பேலட் கட்டைகள் தூத்துக்குடி மாதிரித் துறைமுக ஊர்ப் பக்கம் தாராளமாகப் புழங்கும். வெளிநாட்டுப் போக்குவரத்துக்கானது என்றால் அதில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை சுட்டிருக்கும். அதில் ஆங்கிலத்தில் ஹெச், டி என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் ஏறும்படி சூடாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தாராளமாக எடுக்கலாம். எம், பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயுவால் பூச்சி கொன்றது. அதை வைத்துவிட்டு வேறு கட்டை பாருங்கள். முத்திரை எப்படியிருந்தாலும், எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தால் எடுக்காதீர்கள்.

பிளைவுட் துண்டு என்றால் அதன்மேல் இருக்கிற ஐ.எஸ். எண்ணைப் பாருங்கள். 710 என்பது மரைன் வகை, ஈரத்தை நன்றாகத் தாங்கும். 303 என்பது பொது உபயோகத்துக்கு. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்பும் கடலோரத்தில் ஒரு மழைக்காலத்திலேயே பிஸ்கட் மாதிரி ஊதிவிடும்.

பனங்கையில் வெளிப்பக்கக் கறுப்பு வைரம்தான் மரம்; நடுவில் இருப்பது வெறும் சோறு. வைரப் பகுதி கறையானுக்கு எளிதில் வளைந்து கொடுக்காது. ஆனால் இழைக்கும்போது சிம்பு கையில் ஏறும், ஆணியும் இறங்காது. பெட்டிப் பலகைக்கு அது ஒத்துவராது. மூடியின் கைப்பிடிக்கு, அடிக்கால் கட்டைக்கு அருமை.

கரிக்குப் போகிற கட்டை

சீமைக் கருவேலத்தைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அதன்மீது நமக்கு இருக்கிற கோபம் நியாயமானது. கண்மாயையும் தரிசையும் பிடித்துக்கொண்ட மரம். ராமநாதபுரத்தில் பல குடும்பங்கள் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கித்தான் பிழைக்கின்றன. ஆனால் அதே மரத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தை அமெரிக்காவின் டெக்சாஸில் தரைக்கும் மேசைக்கும் விரும்பி வாங்குகிறார்கள். காரணம், உலரும்போது அது மிகக் குறைவாகச் சுருங்கும். பல மரங்கள் ஒரு திசையில் சுருங்குவதைப் போல இன்னொரு திசையில் இரு மடங்கு சுருங்கி வளைந்துபோகும். இது அவ்வளவு அடம்பிடிக்காது.

பிறகு ஏன் நாம் எரிக்கிறோம்? கோணல்தான் காரணம். நீளமான, நேரான பலகை அதில் கிடைப்பது அபூர்வம். கட்டிலும் கதவும் செய்ய முடியாது. ஆனால் ஒரு அடி நீளப் பெட்டிக்கு ஒரு அடி நேர்க்கட்டை போதுமே! கரிமூட்டத்துக்குப் போகிற பருமனான அடிக்கட்டை ஒன்றை மரவாடியில் கொடுத்து அறுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. வெளிப்பக்க வெளிறிய பகுதியில் துளைப்பூச்சி விழும். அதை ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கிற சிவந்த பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். பச்சையாக இருந்தால் நிழலில், பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, சில மாதம் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடிக்கும்.

பெட்டி செய்யலாம் வாங்க

தச்சுப் பட்டறையில் இன்றும் அடி, இன்ச், நூல்தான் கணக்கு. ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். 4 நூல் கன, 6 இன்ச் அகலப் பலகை மூன்றரை அடி இருந்தால் நான்கு சுவருக்கும் போதும். முன்னும் பின்னும் 12 இன்ச் நீளத்தில் இரண்டு, பக்கவாட்டுக்கு 7 இன்ச்சில் இரண்டு. பக்கவாட்டுத் துண்டுகள் நீளத் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தால் வெளியளவு 12-க்கு 8 இன்ச், உயரம் 6.

அறுக்கும் முன் மூலைமட்டம் வைத்து எல்லாப் பக்கமும் கோடு போடுங்கள். பழைய பலகையில் ஒடிந்த ஆணி உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு ரம்பத்தை எடுத்தால் பல் தப்பிக்கும். இரண்டிரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மயிரிழை கூடாமல் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் இழைப்புளியால் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். இந்த இடத்தில் விடுகிற ஒரு நூல் பிசகு கடைசியில் மூடி உட்காராமல் ஆட்டம் காட்டும்.

பலகையின் வெட்டுமுகம் பசையை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பசை மட்டும் அங்கே நிற்காது. முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, ஐந்து நிமிடம் விட்டு, இரண்டாவது முறை பூசி ஒட்டுங்கள். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். 'மரைன்' அல்லது வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கும் வகையை வாங்குங்கள். கிளாம்ப் இல்லையா? பெட்டியைச் சுற்றி நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் நான்கு மூலையும் ஒரே நேரத்தில் இறுகும். இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பெட்டி நேராக இருக்கிறது. ஒரு நாள் முழுக்கக் கைவைக்காமல் விட்டுவிடுங்கள்.

மறுநாள் மூங்கில் ஆணி. ஒவ்வொரு மூலையிலும் நீளப் பலகை வழியாகப் பக்கப் பலகைக்குள் போகும்படி 4 மி.மீ. துளை மூன்று, ஒன்றரை இன்ச் ஆழத்துக்கு. மூன்றையும் நேராகப் போடாமல் ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என்று லேசாகச் சாய்த்துப் போட்டால், இழுத்தாலும் பலகை கழன்று வராது. நன்றாகக் காய்ந்த மூங்கிலைச் சீவி, நுனியில் பசை தொட்டு, கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி இறக்குங்கள். ஓங்கி அடித்தால் பலகை ஓரம் பிளக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துத் தேய்த்துவிடலாம். மொத்தம் 12 மூங்கில் ஆணி. வெளியே சின்னச் சின்னப் பொட்டு மாதிரி தெரியும்.

அடிப்பலகையில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மரம் நீளவாக்கில் அனேகமாக மாறாது. அகலவாக்கில் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். அடிப்பலகையை நான்கு பக்கமும் இறுக ஒட்டிவிட்டால், ஐப்பசி மழையில் அது விரிந்து மூலை மூட்டைத் தள்ளித் திறந்துவிடும். அதனால் உள்பக்கம் அடியில் நான்கு ஓரமும் அரை இன்ச் ரீப்பர் ஒட்டி, அதன்மேல் 10¾-க்கு 6¾ இன்ச் பலகையைச் சும்மா வையுங்கள். சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி இருக்கும். அது விரிய இடமும் ஆச்சு, காற்றோட்டமும் ஆச்சு.

மூடிக்குக் கீல் போடாதீர்கள் என்பது என் கட்சி. உப்புக் காற்றில் முதலில் இறுகிப்போவது கீல்தான். 12½-க்கு 8½ இன்ச் அளவில் இரண்டு பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி ஒரே மூடியாக்கி, உள்பக்கம் குறுக்கே 6¾ இன்ச் நீளத்தில் இரண்டு ரீப்பர் போட்டால் மூடி பெட்டிக்குள் கவ்வி உட்காரும். ரீப்பரை மூடியோடு பசை போட்டு ஒட்ட வேண்டாம், பித்தளை ஸ்க்ரூ போதும். நடுத் துளை இறுக்கமாகவும், ஓரத் துளைகள் ரீப்பரின் நீளவாக்கில் கொஞ்சம் நீண்டும் இருந்தால் பலகை தன் இஷ்டத்துக்கு விரிந்து சுருங்கிக்கொள்ளும்.

கடைசியாகப் பூச்சு. வார்னிஷ் பளபளக்கும், ஆனால் ஓரிடத்தில் கீறினால் ஈரம் உள்ளே போய்த் தோல் உரிவது போல உரியும். எண்ணெய் பூசினால் அந்தத் தொல்லை இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி துடைத்தால் ஆச்சு. ஆளி விதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசுங்கள். படகுக்குப் பூசுகிற முந்திரிக்கொட்டை எண்ணெயைச் சிலர் சொல்வார்கள். அது தோலைப் பொத்துவிடும், வீட்டுப் பெட்டிக்கு வேண்டாம்.

இந்தப் பெட்டிக்குள் எதை வைக்கலாம்? கைக்கருவி, சார்ஜர் வயர், தையல் சாமான், மருந்து அட்டை எல்லாம் வைக்கலாம். பட்டா, பத்திரம், சான்றிதழ் வைப்பதாக இருந்தால் ஜிப் கவருக்குள் போட்டு வையுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கடலின் கரை இது. எந்த மரப்பெட்டியும் வெள்ளத்தைத் தாங்காது. புயல் எச்சரிக்கை வந்தால் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு கிளம்பும்படி பெட்டியைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பதுதான் முக்கியம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். லின்சீட் எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், அது காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள். மொடமொடவென்று ஆன பிறகு குப்பையில் போடலாம்.